பக்கத்து வீட்டில் இருக்கும் நம் பெட்டி

ஜார்ஜ்டவுனில் ஃப்ரிடா காலோவின் முகம் போட்ட துணிப்பையோடு திரியும் வாசக நண்பர்கள் எனக்குண்டு. 1939இல் அவர் தீட்டிய ‘இரண்டு ஃப்ரிடாக்கள்’ பற்றிக் கேட்டால் போதும். ஐரோப்பிய உடுப்பில் ஒருத்தி, மெக்சிகோவின் தெவானா உடுப்பில் இன்னொருத்தி, இரண்டு இதயம், இரண்டையும் இணைக்கும் ரத்தக்குழாய். விவாகரத்துத் துக்கம் ஒரு தேசத்தின் துக்கமாகிவிட்டது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பேசலாம், தப்பில்லை. அதே ஆட்களிடம் ரெட்சா பியாதாசாவின் ‘மே 13, 1969’ பற்றிக் கேளுங்கள். “அது மலாய்க்காரங்க, சீனங்க சண்டை லா. நமக்கு என்ன இருக்கு அதுல?”

கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது எனக்கு.

ஒரு சவப்பெட்டி. அதன் மேல் மலேசியக் கொடி தீட்டப்பட்டிருக்கிறது. பெட்டியைக் கிடத்தவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார். அடியில் கண்ணாடி. கலவரம் முடிந்த அடுத்த வருஷமே, 1970இல், இதைக் காட்சிக்கு வைத்தார். பிரேதத்தை யாரும் நிற்க வைப்பதில்லை. நிற்பது நாம்தான், நெகாராகூ ஒலிக்கும்போது. ராணுவ வீரர் இறந்தால் பெட்டிமேல் கொடி போர்த்துவார்கள், அடக்கத்துக்கு முன் எடுத்து மடித்துவிடுவார்கள். இங்கே கொடி மரத்தோடு மரமாகிவிட்டது, மடிக்க வழியில்லை. அதனால்தான் உள்ளே இருப்பது செத்த ஜனங்களா, நாடேவா என்று பார்க்கிறவன் திணறுகிறான்.

இதை ‘ஒற்றுமையாக வாழ்வோம்’ என்ற பாடமாகச் சுருக்குகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. பாடம் சொல்ல அதே 1970 ஆகஸ்ட் 31இல் ருக்குன் நெகாரா வந்துவிட்டதே, பிறகு பெட்டி எதற்கு? துக்க வீட்டுக்குப் போனவன் புத்தி சொல்லமாட்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான்.

சரி, ‘நமக்கென்ன’வுக்கு வருவோம். அரசாங்கக் கணக்கில் இறந்தவர்கள் 196 பேர். அது குறைத்துச் சொன்ன கணக்கு என்று இன்றுவரை சொல்கிறவர்கள் உண்டு. அந்தக் கணக்கிலேயே 13 பேர் இந்தியர்கள். கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளிகளுக்கு வேலை பெர்மிட் கிடைக்காமல், ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். நாகப்பட்டினத்துக்கும் மெட்ராசுக்கும் ரஜூலா கப்பல் போய்க்கொண்டிருந்தது இதே பினாங்குத் துறைமுகத்திலிருந்துதான். நாம் சாயங்காலம் காற்று வாங்கப் போகிற கரை அது.

கோலாலம்பூர்ச் சங்கதி என்றும் பினாங்குக்காரர்கள் ஒதுங்க முடியாது. 1967 நவம்பர் 24 ஹர்த்தாலில், பழைய நோட்டின் மதிப்பைக் குறைத்த கோபம் இனச்சண்டையாக மாறி, ஊரடங்கு போட்டது இந்த ஊரில்தான்.

பியாதாசா குவாந்தானில் பிறந்த சிங்கள வம்சாவளிக்காரர், எண்ணிக்கையில் நம்மைவிடச் சின்னக் கூட்டம். சண்டை போட்ட இரண்டு பக்கத்திலும் பிறந்தவரல்ல. ‘நமக்கென்ன’ என்று சொல்ல நம்மைவிட அதிக சௌகரியம் அவருக்கு இருந்தது. அவர் பெட்டி செய்தார். அவரோடு சேர்ந்து 1983இல் மலேசிய நவீன ஓவியர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் பெயர் டி. கே. சபாபதி. இந்தப் பெயராவது நம் கூட்டங்களில் ஒரு தடவை ஒலித்திருக்கலாம்.

1970இல் செய்த பெட்டி இன்று இல்லை. 2006இல், இறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, பியாதாசா அதை மறுபடி செய்தார். அது இருப்பது சிங்கப்பூரின் தேசியத் தொகுப்பில். நம் வீட்டுச் சாவுக்கு நாமே பாஸ்போர்ட் காட்டி, பாலம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.