சதுர அடிச் சண்டை

வில்லியனூர் கடைத்தெருவில் நின்று பாருங்கள். காதணி விழாவுக்கு ஒரு பேனர், மஞ்சள் நீராட்டுக்கு ஒரு பேனர், மறைந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று இன்னொரு பேனர். பாகூருக்குப் போனாலும் அதே காட்சிதான்! அத்தனையும் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி அச்சிட்டவை. இனி வேகப் பொறிகள் வரும், விலை சரியும் என்கிறார்கள். சரியட்டும், யார் கூலியில் கைவைத்துச் சரியப் போகிறது என்று கேட்கிறோம்!

வேகம் பொய்யல்ல. 2015இல் ஹெச்.பி. நிறுவனம் கொண்டுவந்த பேஜ்வைட் எக்ஸ்.எல். 8000 என்ற பொறி, ஏ1 அளவு வரைபடத் தாள்களை நிமிடத்துக்கு 30 வரை வண்ணத்தில் தள்ளும். அதில் மைத்தலை அசைவதில்லை, தாள்தான் ஓடுகிறது. நம் ஊர் பிளெக்ஸ் பொறி வேறு வகை. மைத்தலை இடமும் வலமுமாக ஓடி அச்சிடும். தலைகளின் எண்ணிக்கை கூடினால் அதற்கும் வேகம் கூடும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்தடிக்கு எட்டடி பேனர் என்றால் 80 சதுர அடி. ஐந்து நிமிடத்தில் அடித்தாலும் அரை மணியில் அடித்தாலும் ஷீட் 80 சதுர அடிதான், மையும் அதே மைதான். மிச்சமாவது பொறியின் நேரம் மட்டுமே. தாய்மாமன் படம் சிறிதாகிவிட்டது என்று மூன்று முறை மாற்றச் சொல்கிறார்களே, கணினி முன் உட்கார்ந்திருக்கும் தம்பியின் நேரத்தை எந்தப் பொறி குறைக்கும்? சட்டம் அடித்து, நள்ளிரவில் ஏணி ஏறிக் கட்டுகிறவரின் உழைப்பை எந்தப் பொறி குறைக்கும்?

பொறி வேகமானதால் வில்லியனூரில் திருமணங்கள் இரட்டிப்பாகிவிடுமா? ஆடியிலும் மார்கழியிலும் பொறி சும்மா கிடக்கும். கடன் தவணை சும்மா இருக்காது. தவணைக்குப் பயந்து ஒரு கடைக்காரர் ஒரு ரூபாய் குறைப்பார், எதிர்க்கடைக்காரர் இரண்டு குறைப்பார். ஒரு ரூபாய் குறைந்தால் அந்தப் பேனரில் 80 ரூபாய் போயிற்று. ஷீட் வியாபாரி விட்டுக்கொடுப்பாரா? வங்கி விட்டுக்கொடுக்குமா? அந்தத் தம்பியின் சம்பளமும் ஏணி ஏறுகிறவரின் கூலியும்தான் அகப்படும்!

முன்பும் ஒருமுறை பார்த்தோம். சுவரெழுத்தும் துணிப் பேனரும் எழுதி வாழ்ந்த ஓவியர்களின் தூரிகையைப் பிளெக்ஸ் பறித்தது. கணினி கற்றவர் தப்பினார். மற்றவர் வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போனார். அன்று எவரும் கணக்குக் கேட்கவில்லை.

மலிவுக்கு இன்னொரு விலையும் உண்டு. மலிந்தால் பத்தடி இருபதடியாகும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து விழுந்தது. ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் தடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்தார். அதை மறந்துவிட முடியுமா?

பொறி வேண்டாம் என்று சொல்ல நாம் பித்தர்களல்ல. வடிவமைப்புக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு, கட்டுவதற்கு இவ்வளவு என்று ரசீதில் தனித்தனியே எழுதுங்கள். வேகத்தால் வரும் சலுகை அச்சு வரியில் மட்டும் இருக்கட்டும். இரண்டு கொம்யூன் கடைக்காரர்களும் ஒரு மாலை கூடிப் பேசினால் முடிகிற காரியம் இது.

தலைவர் பிறந்தநாளுக்கு இருபதடி பேனர் கட்டிவிட்டு, “அப்புறம் தருகிறேன் அண்ணே” என்று கடையைத் தாண்டிப் போகும் நம் தோழர்களே, அந்தப் பாக்கியை இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்கள்.