தரையில் எழுதிய பெயர்

பிரான்ஸ் தேசத்துப் பர்கண்டிப் பிரதேசத்தில் போன் என்னும் மதில் சூழ்ந்த பழைய நகரத்தில் (டெலிபோனுக்கும் இவ்வூருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை) நவம்பர் மூன்றாவது ஞாயிறன்று வருஷந்தோறும் நடக்கும் திராட்சை மது ஏலத்தைப் பற்றி ஒரு பத்திரிகை இந்த வாரம் நான்கு வரி எழுதியிருந்தது. அந்த நான்கு வரியிலும் பீப்பாய் என்ன விலைக்குப் போயிற்று என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாதது கண்டு, மதுவின் வாசனையே அறியாத எனக்குக்கூட மனம் கசந்தது.

228 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்களை விற்பது வியாபாரி அல்ல, ஒரு தர்ம ஆஸ்பத்திரி. 1457 முதல் புண்ணியவான்கள் எழுதிவைத்த திராட்சைத் தோட்டங்களின் விளைச்சலை 1859 முதல் அது ஏலம் விட்டு வருகிறது. ஏலம் கிடக்கட்டும்.

நூறாண்டு யுத்தத்தின் கடைசிக் காலத்தில், கொள்ளைக் கூட்டங்களாலும் பஞ்சத்தாலும் ஜனங்கள் நலிந்து கிடந்தபோது, பர்கண்டிப் பிரபு பிலிப்பின் மந்திரியான நிக்கோலா ரோலன், தம் மனைவி கிகோனுடன் சேர்ந்து 1443-ல் ஏழைகளுக்கென்று அந்த ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தார். இத்தனை பேரை ஏழையாக்கியவர் ஏழைகளுக்கு ஒரு வீடு கட்டுவது நியாயந்தானே என்று பதினொன்றாம் லூயி மன்னர் பரிகசித்ததாகச் சொல்வார்கள். 1452 ஜனவரி 1-ம் தேதி முதல் நோயாளி வந்து சேர்ந்தான். சிவப்புத் திரையிட்ட கட்டில்கள் இருமருங்கும் வரிசையாக நிற்கும் அந்த நீண்ட கூடத்தின் கோடியிலேயே பிரார்த்தனை மண்டபத்தையும் அமைத்திருந்தபடியால், எழுந்திருக்க மாட்டாதவனும் படுத்தபடியே பூஜையைத் தரிசிக்கலாம். வீதியில் நிற்பவன் கண்ணுக்குச் சாம்பல் நிறப் பலகைக்கல் வேய்ந்த கூரைதான் தெரியும். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக ரத்தினக் கம்பளம் விரித்தாற்போல் மின்னும் ஓட்டுக்கூரையோ, உள்முற்றத்துக்குப் போனவனுக்கே காட்சி தரும்.

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வரவேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டு 'உபயம்' என்று பெயர் எழுதுகிறவர்களைப் பற்றி இந்தப் பத்தியில் நான் புலம்பாத வருஷம் கிடையாது என்பதை நெடுநாளைய வாசகர்கள் அறிவார்கள். அழகை உள்ளே ஒளித்துவைத்த இந்த ரோலனையே அவர்களுக்கு உதாரண புருஷராகக் காட்டிவிடலாம் என்று ஆசையோடு மேலும் படித்தால், என் கட்சி அடியோடு தோற்றது. தரை ஓடுகளில் தம் பெயரின் முதலெழுத்தையும் மனைவி பெயரின் முதலெழுத்தையும் பின்னிப் பிணைத்துத் திரும்பத் திரும்பப் பொறித்திருக்கிறார் மனிதர்! அதோடு நில்லாமல், 'ஒருத்தியே' என்று பொருள்படும் ஒரு சொல்லையும் அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தையும் பதித்திருக்கிறார். தம் வானத்துக்கு அவள் ஒருத்தியே நட்சத்திரம் என்று அர்த்தமாம். மூன்றாம் தாரமாக வந்தவளைப் பற்றி இப்படி எழுதத் துணிச்சல் வேண்டும் என்று முதலில் சிரித்தேன். ஆனால் 1462-ல் கணவர் காலமான பிறகு, அந்த அம்மாள் அந்த ஆஸ்பத்திரியிலேயே தங்கி, 1470-ல் கண்மூடி, நோயாளிகளின் கட்டில்களுக்கு எதிரே அந்த மண்டபத்திலேயே அடக்கமானாள் என்று படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

1971 வரை அங்கே வைத்தியம் நடந்தது. இப்போது அது காட்சிசாலை. ரோலனை நான் மன்னித்துவிட்டேன். அவர் தரையில்தான் எழுதினார். யாருடைய வெளிச்சத்தையும் மறைக்கவில்லை. நம் உபயதாரர்களும் பெயரைப் பட்டையின் ஓரத்தில் எழுதிக்கொண்டு, விளக்கை விளக்காக எரிய விடும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்.