பூட்டுக்கு ஏற்ற திறப்பு

என்னிடம் முன்னர் பயின்று இப்பொழுது திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகம் புகுந்துள்ள மாணவி ஒருத்தி, சென்ற வாரம் வாடிய முகத்துடன் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய பழைய மடிக்கணினி மந்தமாகிவிட்டது. தாயார் சீட்டெடுத்த காசில் புதிய நினைவகத் தகடு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அதுவோ உரிய இடத்தில் இறங்க மறுத்தது.

“புதியதுதானே நல்லது, சேர்?” என்றாள்.

பூட்டு ஒன்று, திறப்பு வேறொன்று!

‘றாம்’ எனப்படும் இத்தகட்டிலும் தலைமுறைகள் உண்டு. மடிக்கணினிக்குரிய டி.டி.ஆர். 3 இல் தொடுமுனைகள் 204, டி.டி.ஆர். 4 இல் 260, டி.டி.ஆர். 5 இல் 262. மின்னழுத்தமும் வேறு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாதிருத்தற்பொருட்டே தகட்டின் விளிம்பிலுள்ள வெட்டும் இடம் மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. வலிந்து அழுத்தினால் கணினிக்கே கேடு. டி.டி.ஆர். 3 இலும், 1.35 வோல்ற்றில் இயங்கும் ‘எல்’ வகையை மட்டுமே ஏற்கும் கணினிகள் உள.

ஆகவே, வாங்குமுன் மின்னிணைப்பை நீக்கிப் பழைய தகட்டிலுள்ள எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினி ஏற்கும் உச்ச அளவைக் கையேட்டிற் பாருங்கள். வேகம் வேறுபட்ட இரு தகடுகளைச் சேர்ப்பின், இரண்டும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். மெல்லிய கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே காசு செலவழித்துப் பயனில்லை.

கடைக்காரர் நல்லவர், தகட்டை மாற்றிக் கொடுத்தார். எல்லார்க்கும் அவ்வாறு வாய்க்குமா? பூட்டைப் பார்த்தபின் திறப்பைத் தேடுவதே அறிவுடைமை.