பெருக்கல் தெரிந்தால் போதும்

சிஓபிடி என்றாலே பீடி, சிகரெட்தான் ஞாபகத்துக்கு வருகிறது நம் ஃபேமிலி டாக்டர்கள் பலருக்கு. மூச்சிரைக்க வந்தது ஒரு அம்மா என்றால் 'ஆஸ்துமா' என்று எழுதி, ஒரு டெரிஃபிலின் ஊசி, நாலு மாத்திரை. அடுத்த பேஷண்ட்!

கைடுலைனுக்கா பஞ்சம்? 'கோல்ட்' 2001லேயே வந்தாச்சு. இந்தியாவுக்கென்றே ஒன்று 2013ல் வந்தது. விறகுப் புகையும் காரணம், ஸ்பைரோமீட்டரில் ஊதவைத்து உறுதி செய், மருந்தை இன்ஹேலரில் கொடு என்று இரண்டுமே சொல்கின்றன. தெருமுனை கிளினிக்கில் ஸ்பைரோமீட்டருக்கு எங்கே போவது என்று கேட்டால், நியாயம்தான்.

ஆனால் கேள்வி கேட்க மெஷின் வேண்டாமே! மைசூரு ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களை ஆராய்ந்து 2013ல் ஒரு கணக்கு சொன்னார்கள். தினம் எத்தனை மணி நேரம் விறகடுப்புப் புகையில்? எத்தனை வருஷம்? இரண்டையும் பெருக்குங்கள். 60ஐத் தொட்டால் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கான ஆபத்து கூடுகிறது. தினம் 3 மணி நேரம், 20 வருஷம். அவ்வளவுதான், 60! இருபதில் கல்யாணமாகி அடுப்படிக்கு வந்தவர் நாற்பதிலேயே தொட்டுவிடுவார்.

இப்போதுதான் கேஸ் வந்துவிட்டதே என்பீர்கள். அடுப்பு மாறிவிட்டது, சரி. உள்ளே போன புகை?

என் கட்சி இதுதான்: பி.பி. எழுதும் சீட்டிலேயே இந்த எண்ணையும் எழுதுங்கள். 60 தாண்டி, இருமலும் இரைப்பும் இருந்தால், ஸ்பைரோமீட்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பெருக்கல் நோயை நிரூபிக்காது. யாரை ஊதவைக்க வேண்டும் என்று காட்டும். இழந்த மூச்சு திரும்பாது; மிச்சத்தையாவது காப்பாற்றலாம் இல்லையா?