கொலுப் படியருகே ஒரு போர்க்களம்

காவலூர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது வானம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கி, இன்று வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் வான ஆய்வகத்தின் கீர்த்தி அத்தகையது. ஆயினும் அந்த மலையூரை மையமாகக் கொண்டு, தேசப்படத்தின்மேல் ஐம்பது கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து பார்ப்பவருக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் தென்னாட்டின் தலைவிதியை மாற்றிய யுத்தபூமிகள் பல அதற்குள் அடங்கியிருப்பது புலப்படும். வடக்கே ஆம்பூர், ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கான் 1749 ஆகஸ்டு 3-ஆம் நாள் போரில் மடிந்த இடம். வடமேற்கே வாணியம்பாடி, மேற்கே திருப்பத்தூர், தெற்கே செங்கம், தென்கிழக்கே திருவண்ணாமலை: 1767-ஆம் வருஷத்துச் சில மாதங்களுக்குள் மைசூர் ஹைதர் அலியின் சேனையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியாரின் சேனையும் இவ்வூர்களில் மாறிமாறி மோதின. இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? ஆம்பூர் என்றால் தோல் தொழிலும் பிரியாணியும் என்ற அளவில் நம் அறிவு நின்றுவிடுகிறது.

இக்குறையைப் போக்க ஒரு வழி உண்டு. மேல்நாடுகளில் சரித்திர அபிமானிகள் ஒரு கலையைப் பெருஞ்சிரத்தையோடு வளர்த்து வருகிறார்கள். ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயரமுள்ள சிப்பாய்களையும் குதிரைகளையும் பீரங்கிகளையும் வார்த்தெடுத்து, மெல்லிய தூரிகையால் வர்ணம் தீட்டி, மேஜையின்மேல் மலையும் ஆறும் கிராமமும் அமைத்து, நடந்துபோன யுத்தம் ஒன்றை விதிகளோடும் பகடைகளோடும் மறுபடி நடத்திப் பார்ப்பது அக்கலை. முதலில் அடிவர்ணம், அதன்மேல் உரிய நிறங்கள், பிறகு நீர்த்த கருவர்ணம் ஆடையின் மடிப்புகளில் இறங்கித் தங்கும்படி ஒரு பூச்சு, முடிவில் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடிச் செல்லும் வெளிர்நிறம். இவ்வளவும் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் ஒரு முகத்துக்கும் மார்புக்குமாகச் செய்யப்படுகிறது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என் மனம் இசையவில்லை. சரித்திரத்தை வாசிப்பவன் தெரியாத இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்; வர்ணம் தீட்டுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1767-ல் செங்கத்தில் நின்ற மைசூர்க் காலாள் எந்த நிறத்தில் உடுத்தினான் என்று கேட்காமல் அவன் தூரிகையைத் தோய்க்க முடியாது. திப்புவின் படைக்கு உரியதாகப் பிற்காலத்தில் பிரசித்தி பெற்ற புலிவரி உடையை எடுத்து அவனுக்கு அணிவித்துவிட்டால், அது பல வருஷங்களைத் தாண்டிச் சென்ற பிழையாகும்.

வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பிரயத்தனம் இதற்குத் தக்க சான்று. வாட்டர்லூ யுத்தத்தைச் சிற்றுருவில் அமைக்கும் பொருட்டு அவர் 1830-ல் அக்களத்திலேயே மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்தார். யுத்தத்தில் பங்கேற்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம், அந்தி நேரத்தில் உமது படை எங்கே நின்றது, எதிரே எதைக் கண்டீர் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஈய உருவங்களோடு அந்த அமைப்பு 1838-ல் லண்டனில் காட்சிக்கு வந்தது. அவருக்கு வந்த பதில்களோ இன்றளவும் அந்த யுத்தத்தை ஆராய்வோருக்கு மூலாதாரங்களாக விளங்குகின்றன. பொம்மைக் களம் ஒன்று செய்யப் புகுந்ததால் சரித்திரத்துக்குக் கிடைத்த செல்வம் அது.

நம் செங்கத்தை அவ்வாறு அமைக்க முற்பட்டால் என்ன நேரும்? 28 மில்லிமீட்டர் உருவத்தின் அளவுக்கே நிலத்தையும் சுருக்கினால், ஒரு கிலோமீட்டர் தூரம் ஏறக்குறைய 16 மீட்டர் நீளும். அதற்கு எந்த மேஜையும் போதாது. ஆகவே ஓர் உருவம் இருபது முப்பது வீரர்களைக் குறிப்பதாகவும், நிலம் அதனினும் மிகச் சுருங்கியதாகவும் கொள்வது சம்பிரதாயம். எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற விவேகம் அங்கேதான் வேண்டும். செங்கத்தில் கும்பினிப் படைத்தலைவர் கர்னல் ஜோசப் ஸ்மித், ஹைதரும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய, தம்முடையதைப் போல் பன்மடங்கு பெரிய சேனையை எதிர்த்து நின்று வென்றார். ஆனால் அவருடைய அரிசியையும் மூட்டை முடிச்சுகளையும் எதிரியின் குதிரைப்படை கொள்ளையிட்டுப் போய்விட்டதால், வென்ற சேனை பசியோடு திருவண்ணாமலைக்கு விரைய நேர்ந்தது. நம்பிப் போன தானியம் அங்கேயும் இருக்கவில்லை. இந்தக் களத்தை அமைக்கிறவர் பீரங்கிகளை மட்டும் அடுக்கிவிட்டால் பொய் சொன்னவராவார். பொதிமாடுகளும், அவற்றை ஓட்டியவர்களும், அரிசி மூட்டைகளும், சேனையின் பின்னே நடந்த பெண்டு பிள்ளைகளும் அங்கே இடம்பெற்றாக வேண்டும். யுத்தத்தின் விதியை நிர்ணயித்தவற்றுள் மாடுகளும் உண்டு.

இதற்கான கைத்திறனை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் களிமண்ணையும் காகிதக்கூழையும் அச்சில் அழுத்தி, பாதிகளை ஒட்டி, வெண்பூச்சுக் கொடுத்து வர்ணம் தீட்டும் கைகள் இன்னும் இருக்கின்றன. நவராத்திரி தோறும் கொலுப் படிகளின் அருகே நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அமைக்கும் ‘பார்க்’கை நினைத்துப் பாருங்கள்: மண்ணால் ஒரு மலை, கண்ணாடித் துண்டால் ஒரு குளம், கேழ்வரகும் கடுகும் முளைத்துப் பச்சைப்பசேலென்று ஒரு புல்வெளி. மேல்நாட்டார் நுரைப்பலகையிலும் மணலிலும் பசையிலும் செய்யும் நிலக்காட்சிக்கு இது எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று. கல்யாண ஊர்வலமும் கிரிக்கெட் ஆட்டமும் ‘செட்’டுகளாக விற்கும் கடையில், ஆம்பூர்க் கோட்டை முற்றுகையின் ‘செட்’ ஒன்று ஏன் இருக்கக் கூடாது? 1767-ன் இறுதியில் அக்கோட்டைக்காரர்கள் ஏறக்குறைய ஒரு மாத காலம் ஹைதரின் சேனைக்கு ஈடுகொடுத்து நின்றார்கள்.

யுத்தத்தை விளையாட்டாக்கிப் பிள்ளைகளின் மனத்தைக் கெடுப்பானேன் என்று கேட்போர் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. 1913-ல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலால் இவ்விளையாட்டுக்கு விதிகள் வகுத்த எச்.ஜி. வெல்ஸ், பொம்மை யுத்தத்தை ஆடிப் பார்த்தவனுக்கே மெய்யான மகாயுத்தம் எவ்வளவு மூடத்தனமானது என்பது விளங்கும் என்று கருதியவர். அதற்கு வெகு முன்பே, செங்கத்துச் சுற்றுவட்டாரத்தில் நம் முன்னோர், வீழ்ந்த வீரர்களுக்குத் தனித்தனியே கல் நட்டார்கள். எடுத்தனூரில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும், கோவிவன் என்ற அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கூட்டமாகச் செத்தவர்களைத் தனி மனிதர்களாகக் காட்டுவதே அக்கற்களின் தர்மம். ஒவ்வொரு பொம்மைக்கும் வேறு முகம் தீட்டுகிறவரும் அதே தர்மத்தை அனுசரிக்கிறார்.

வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் செங்கம், ஆம்பூர், வாணியம்பாடிக் களங்களின் சிற்றுருவங்கள் நிரந்தரமாக இடம்பெற வேண்டும்; அவற்றைச் செய்யும் பணி நம் பொம்மைக் கலைஞர்களுக்கே தரப்பட வேண்டும். அதிகாரிகள் முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆலங்காயம், வாணியம்பாடி, செங்கம் பகுதி ஆசிரியர்களே, வரும் நவராத்திரிக்கு உங்கள் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் சென்று நிலத்தைப் பார்க்கச் செய்யுங்கள். பிறகு பள்ளிக்கூடத்துக் கொலுவில் அதை அவர்கள் கையாலேயே அமைக்கச் செய்யுங்கள்.