சும்மா கிடக்கும் டிரைவரும் ஆபத்தே!

பேக்ஸ் மோடமை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். ஆனால் அகீர் மோடமுக்கான டிரைவர் விண்டோஸுடன் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. மோடமைப் பயன்படுத்தாத கம்ப்யூட்டரிலும், அதிலுள்ள ஓட்டையின் மூலம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைக் கைப்பற்ற முடிந்தது. எனவே 2025 அக்டோபர் அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் அந்த டிரைவரையே நீக்கியது. நீக்கியது சரிதான். ஆனால் அந்த மோடமை நம்பியிருந்தவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

லினக்ஸில் பழைய ஐடிஇ டிரைவர்கள் 2021ல் நீக்கப்படும் என 2019லேயே எச்சரித்தார்கள். லிபாட்டா என்ற மாற்றும் தயாராக இருந்தது. சொன்னபடி 2021ல் நீக்கினார்கள். ஓட்டை தெரியும்வரை காத்திராமல் இப்படி முன்கூட்டியே சுத்தம் செய்வதே பாதுகாப்பான வழி என்பது என் கருத்து.

நீங்களும் டிரைவர் பைல்களை நேரடியாக அழிக்காதீர்கள். முதலில் ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். பிறகு டிவைஸ் மேனேஜர் மூலம் நீக்குங்கள்.