‘வோக்’ என்பது பாராட்டா, திட்டா? ஓர் ஆங்கிலச் சொல் திசைமாறிய கதை

2023-ல் டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் கடற்கன்னியாகக் கறுப்பின நடிகை ஹாலி பெய்லி நடித்தார். ‘டிஸ்னி வோக் ஆகிடுச்சு’ என்று ஒரு தரப்பு கொதித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் டிரம்ப், தங்கள் நாடு இனி ‘வோக்’காக இருக்காது என்றார். அதே ஆண்டு ஜூலையில், அரசுத் துறைகளில் ‘வோக் ஏஐ’யைத் தடுக்க ஓர் உத்தரவும் போட்டார். அப்படி என்னதான் இருக்கு இந்த ஒரு வார்த்தையில்?

எங்கிருந்து வந்தது?

ஆங்கில இலக்கணப்படி, ‘விழித்துக்கொள்’ என்பதன் இறந்தகால வடிவம்தான் ‘வோக்’. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் அது ‘விழிப்பாக இருக்கிற’ என்ற பொருளில் புழங்கியது. தூக்கத்திலிருந்து விழிப்பதல்ல, ஆபத்து எங்கிருந்து வரும் என்று தெரிந்து உஷாராக இருப்பது.

1931-ல் அலபாமா மாநிலத்தில், ரயிலில் சென்ற 9 கறுப்பினச் சிறுவர்கள், இளைஞர்கள் மீது இரண்டு வெள்ளையினப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகப் பழி விழுந்தது. வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரிகள் விசாரித்து, 8 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர், அந்தப் பெண்களில் ஒருவரே ‘அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று சாட்சி சொன்னார். மரண தண்டனை நிறைவேறவில்லை. ஆனால், பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். கடைசி மூவருக்கு மன்னிப்பு கிடைத்தது 2013-ல். அப்போது அவர்கள் உயிரோடு இல்லை.

‘ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ்’ எனப்படும் அந்த வழக்கைப் பற்றி, 1938-ல் பாடகர் லெட் பெல்லி ஒரு பாடலைப் பதிவு செய்தார். அலபாமா பக்கம் போகிற கறுப்பின மக்கள் கவனமாக, ‘வோக்’காக இருக்க வேண்டும் என்று அந்தப் பதிவில் பேசியிருக்கிறார். அன்றைக்கு அது உயிர் பிழைக்கச் சொன்ன அறிவுரை.

எப்போது பரவியது?

1962-ல் எழுத்தாளர் வில்லியம் மெல்வின் கெல்லி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. கறுப்பின மக்களின் கொச்சைச் சொற்களை வெள்ளையர்கள் எடுத்துக்கொள்வது பற்றிய கட்டுரை அது. பின்னாளில் ‘வோக்’குக்கும் அதுவே நடந்தது!

2014-ல் மிசூரி மாநிலம் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர், நிராயுதபாணியாக இருந்தபோது போலீஸ் அதிகாரியால் சுட்டுக் கொல்லப்பட்டார். போராட்டம் வெடித்தது. ‘ஸ்டே வோக்’ ஹேஷ்டேக் ஆனது. 2017-ல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இந்தப் பொருள் ஏறியது.

திட்டாக மாறியது எப்படி?

இனப் பாகுபாட்டைத் தாண்டி பெண்ணுரிமை, பால் புதுமையினர் உரிமை, சுற்றுச்சூழல் என எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் நீண்டது. நிறுவனங்கள் விளம்பரத்துக்காக ‘முற்போக்கு’ வேஷம் போடுவதாகவும் விமர்சனம் எழுந்தது. வலதுசாரிகள் இதைக் கிண்டலாகக் கையில் எடுத்தார்கள். தங்களுக்குப் பிடிக்காத எந்த மாற்றத்துக்கும் ‘வோக்’ என்று ஒரே முத்திரை!

2022-ல் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸ், ‘ஸ்டாப் வோக்’ சட்டத்தைக் கொண்டுவந்தார். இன, பாலின விஷயங்களை வகுப்பறையிலும் அலுவலகப் பயிற்சியிலும் எப்படிப் பேசலாம் என்று அது கட்டுப்படுத்தியது. அலுவலகப் பயிற்சி தொடர்பான பகுதி, பேச்சுரிமையை மீறுகிறது என்று 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இதற்கிடையே, 2022 இறுதியில் வேறொரு வழக்கில் ‘வோக் என்றால் என்ன?’ என்று டிசாண்டிஸின் சட்ட ஆலோசகரிடமே கேட்கப்பட்டது. அமெரிக்கச் சமூக அமைப்புக்குள்ளேயே அநீதிகள் இருக்கின்றன, அவற்றைச் சரிசெய்ய வேண்டும் என்ற நம்பிக்கை என்றார் அவர். கிட்டத்தட்ட, ஆதரவாளர்கள் சொல்லும் அதே விளக்கம்!

ஆக, அர்த்தத்தில் பெரிய சண்டை இல்லை. அநீதி இருக்கிறதா, இல்லையா என்பதில்தான் சண்டை. ஒரு சொல்லைக் கெட்ட வார்த்தையாக்கிவிட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே நகர்ந்துவிடலாம். அடுத்த முறை யாராவது ‘இதெல்லாம் வோக்’ என்றால், ‘இதில் எது தப்புன்னு சொல்றீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான விவாதம் அங்கேதான் தொடங்கும்.